ஆறு இன்ச் மண்ணில் என்ன பூக்கும்?

வேலியிலும் மதில் கிரில்லிலும் மாட்டும் பூந்தொட்டிகளைப் பற்றி கடலூர், புதுச்சேரி வாசகர்கள் கேட்ட கேள்விகள் இந்த இதழில். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுதியிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

தேவனாம்பட்டினத்தில் வீடு. தெருப்பக்கம் மேற்குப் பார்த்த மதில், மேலே கிரில், நீளம் 20 அடி. 18 இன்ச் பிளாஸ்டிக் தொட்டி பத்து வாங்கி மாட்டி, மார்கழியில் பெட்டூனியாவும் டயாந்தஸும் வைத்தேன். பொங்கலுக்கு அமர்க்களமாக இருந்தது. பங்குனி முடிவதற்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உப்புக் காற்றுதான் காரணம் என்கிறார்கள். வேறு என்ன செடி வைக்கலாம்?
– வாசகி, கடலூர்

உப்புக் காற்றின் மேல் பழி போட வேண்டாம் அம்மா. உங்களுக்குக் கடல் கிழக்கே, மதில் மேற்கே. நடுவில் வீடே மறைப்பாக நிற்கிறது. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பும்போது அதுவும் உங்கள் மதிலுக்கு வந்து சேர்வதில்லை. வந்து சேர்வதெல்லாம் மேற்கு வெயில், தார் ரோட்டின் அனல், சூடேறிய கிரில் கம்பி. கறுப்பு அல்லது கரும்பச்சைத் தொட்டியாக இருந்தால் மாலை நான்கு மணிக்குத் தொட்டியின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். வேர் அந்தச் சுவரை ஒட்டித்தான் ஓடுகிறது.

அதோடு பெட்டூனியாவும் டயாந்தஸும் பனிக்காலச் செடிகள். நம் பக்கம் டிசம்பர் நடுவில் மழை குறைந்ததும் வைத்தால் மார்ச் வரை பூக்கும். அவ்வளவுதான் அவற்றின் கணக்கு. நீங்கள் கொன்றுவிடவில்லை, காலம் முடிந்துவிட்டது. அடுத்த முறையும் அவை வேண்டுமென்றால் மூன்று மாதச் செலவு என்று தெரிந்தே வாங்குங்கள்.

சித்திரை வெயிலில் அந்த மதிலில் நிற்கக்கூடியவை: மேஜை ரோஜா, நித்யகல்யாணி, குட்டை வாடாமல்லி, யூபோர்பியா. 18 இன்ச் நீளம், 6 இன்ச் அகலம், 6 இன்ச் ஆழம் உள்ள தொட்டி ஏறக்குறைய 10 லிட்டர் கொள்ளும். அதில் நித்யகல்யாணி என்றால் 6 இன்ச் இடைவெளியில் 3 செடி. மேஜை ரோஜா 8 தண்டு. வாடாமல்லி 3. யூபோர்பியா 2 போதும், அதற்கு மட்டும் மண்கலவையில் ஒரு பங்கு ஆற்று மணல் கூடுதலாகச் சேருங்கள்.

நித்யகல்யாணியில் நாட்டு ரகம் இரண்டு, இரண்டரை அடி உயரும். கிரில்லுக்கு மேல் கழுத்தை நீட்டி, காற்றில் ஆடியே வேர் தளரும். குட்டை ரகமாகக் கேட்டு வாங்குங்கள். நாட்டு ரகம்தான் கையில் இருக்கிறது என்றால், நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளை வெடித்து வந்த பிறகு இன்னொரு முறை கிள்ளுங்கள். பூ பதினைந்து, இருபது நாள் தள்ளிப்போகும், செடி அடர்த்தியாகும். நாட்டு ரகத்துக்கு ஒரு நல்ல குணம், விதை தானே உதிர்ந்து மதில் ஓரமெல்லாம் முளைக்கும். நாற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

தொட்டிக்குக் கலவை: கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 4 லிட்டர், மண்புழு உரம் 2 லிட்டர், செம்மண் 2 லிட்டர், வேப்பம்புண்ணாக்கு ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம். மேலே ஒரு இன்ச் காலியாக விடுங்கள், இல்லையென்றால் ஊற்றும் தண்ணீர் தெருவுக்குத்தான் போகும். கோகோபீட் கட்டியை ஊறவைத்து அப்படியே போடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி ஊறவைத்துப் பிழிந்து, மூன்றாவது தண்ணீரும் காட்டிய பிறகு சேருங்கள்.

தொட்டிகள் கறுப்பாக இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். வெயில் படும் பக்கத்தில் வெளியே சாக்குத்துணி ஒன்றைச் சுற்றிக் கட்டினாலே சூடு இறங்கும். மேஜை ரோஜா வழிந்து தொங்கத் தொடங்கியதும் சாக்கும் மறைந்துவிடும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஒரு தொட்டிக்கு நாளொன்றுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒரே வேளையில் ஊற்றாமல் காலையும் மாலையுமாகப் பிரித்து ஊற்றுங்கள். ஊருக்குப் போகிறவர்கள் 16 எம்.எம். குழாயிலிருந்து தொட்டிக்கு இரண்டு சொட்டுவான் இழுக்கலாம். மணிக்கு 2 லிட்டர் விடும் சொட்டுவான் இரண்டு, கால் மணி நேரம் ஓடினால் சரியாக 1 லிட்டர்.

கிழக்கே கடலைப் பார்த்த வேலி என்றால்?
– வாசகர், வைத்திக்குப்பம், புதுச்சேரி

அங்கேதான் உப்புக் காற்று நிஜம். மேஜை ரோஜா, யூபோர்பியா, தொங்கும் ரக உன்னிப்பூ (லாந்தனா) ஆகியவற்றை முதல் வரிசையில் வையுங்கள். நித்யகல்யாணி இரண்டாம் வரிசைக்கு. காற்று பலமாக அடித்த மறுநாள் விடியற்காலையில் இலைகளை நல்ல தண்ணீரால் ஒருமுறை அலசிவிடுங்கள். செம்பருத்தியை அந்தப் பக்கம் வைத்துவிட்டு இலை கருகுகிறதே என்று வருந்த வேண்டாம்.

நாலரை இன்ச் செங்கல் மதில், அதன்மேல் ஆங்கிள் நட்டு கம்பி வலை. வலையில் தொட்டிகளைக் கொக்கி போட்டு மாட்டலாமா? மதிலில் ஆங்கர் போல்ட் அடிக்கலாமா? எவ்வளவு எடை தாங்கும்?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

முதலில் எடையைப் பார்த்துவிடுவோம். 10 லிட்டர் தொட்டியை வெறும் தோட்டத்து மண்ணால் நிரப்பி நனைத்தால் 16, 17 கிலோ வரும். மேலே சொன்ன கோகோபீட் கலவை நனைந்த நிலையில் 9, 10 கிலோ. பத்துத் தொட்டி என்றால் வித்தியாசம் ஒரு மூட்டை அரிசிக்கு மேல். தண்ணீர் ஊற்றிய பிறகு உள்ள எடைதான் கணக்கு. கடையில் காலித் தொட்டியைக் கையில் தூக்கிப் பார்ப்பதில் பயனில்லை.

வலையில் நேரடியாக மாட்டினால் முதல் மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு இரண்டு ஆங்கிளுக்கு நடுவில் வலை தொய்ந்து, தொட்டி முன்பக்கமாகச் சாய்ந்து, ஊற்றும் தண்ணீர் ஒரே மூலையில் வழியும். நாலரை இன்ச் மதிலின் மேல் வரிசைச் செங்கல்லில் ஆங்கர் போல்ட் அடிப்பதும் வேண்டாம். போல்ட் விரியும்போது கல் பிளக்கும், அல்லது கலவையோடு பெயர்ந்து வரும்.

சரியான வழி, ஆங்கிளிலிருந்து ஆங்கிளுக்கு ஒன்றேகால் இன்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் ஒன்றைக் கிடையாக யு-கிளாம்ப் போட்டு இறுக்குவது. ஆங்கிள்கள் 8 அடி இடைவெளியில் இருந்தால் அந்தப் பைப்பில் நான்கு தொட்டி தாராளமாக நிற்கும். இரண்டு தொட்டிகளை ஆங்கிள் ஓரமாகவும் மற்ற இரண்டை அவற்றை ஒட்டியும் மாட்டுங்கள். நட்டநடுவில் சுமை குறைவாக இருக்கட்டும். ஆங்கிளே ஆடினால் பைப்பும் உதவாது. அடியில் கான்கிரீட் இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

வெல்டிங் செய்துவிடலாம் என்று வேலைக்காரர் சொல்வார், அவருக்கு அது சுலபம். வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், அந்த இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். தவிர்க்க முடியாவிட்டால் ஆறியதும் அங்கே துத்தநாகப் பெயின்ட் இரண்டு கோட் அடிக்கச் சொல்லுங்கள்.

கொக்கி வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். பளபளவென்று இருப்பது மெல்லிய முலாம். கடற்கரை ஊரில் ஒரு மழைக்காலம் தாங்கினால் பெரிது. மங்கலான சாம்பல் நிறத்தில், கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும் ஹாட் டிப் (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த) கொக்கி பார்க்க அழகில்லை, ஆனால் உழைக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 316 தரம் கேளுங்கள். 304-இல் கடல் ஓரத்தில் டீக்கறை மாதிரி பழுப்புப் படியும். ஸ்டீல் கொக்கியை ஜி.ஐ. பைப்பில் நேராக மாட்டினால் பைப்பின் பூச்சை அது தின்னும். நடுவில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றுங்கள். வெள்ளை நைலான் டேக்கை (கேபிள் டை) மட்டும் நம்பித் தொங்கவிடாதீர்கள். வெயிலில் நொறுங்கிப்போகும். கறுப்பு டேக் கொஞ்சம் கூடுதல் நாள் வரும், ஆனாலும் அது ஆடாமல் பிடிக்கத்தான், எடை சுமக்க அல்ல.

தொட்டிகள் மதிலின் உள்பக்கம் இருக்கட்டும். தெருவில் போகிறவர் தலைமேல் விழுந்தால் பூவைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். மதிலுக்கும் தொட்டிக்கும் ஒரு இன்ச் இடைவெளி விட்டால் பெயின்ட் உப்பிப் பெயராது.

போர் தண்ணீர் உப்பு. இலை நுனியெல்லாம் பழுப்பாகிக் காய்கிறது, மண் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இட்லிப்பூ இலையோ மஞ்சளாகிறது. இரண்டும் ஒரே நோயா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

இரண்டும் வேறு. நுனியிலும் ஓரத்திலும் ஆரம்பித்துப் பழுப்பாகக் காய்வது உப்பு. புதுக் கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும், கடின நீரால் காரத்தன்மை ஏறிப்போன மண்ணிலிருந்து செடியால் எடுக்க முடியாது. இட்லிப்பூ இதற்கு ரொம்பவும் இடம் கொடுக்கும் செடி.

உப்புக்கு வருவோம். நிலத்தில் நிற்கும் செடிக்கு உப்பு கீழே இறங்கிப்போக வழி உண்டு. ஆறு இன்ச் தொட்டியில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கும். அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறவர்கள் வீட்டில்தான் இந்த வெள்ளைப் படிவம் அதிகம். அடி ஓட்டையில் தண்ணீர் வழியும்வரை ஊற்றுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, 10 லிட்டர் தொட்டிக்கு 10 லிட்டர் நல்ல தண்ணீரை மெதுவாக, அரை மணி இடைவெளி விட்டு இரண்டு தவணையாக ஊற்றி உப்பை இறக்குங்கள். மேலே பூத்திருக்கும் வெள்ளையை முதலில் அரை இன்ச் மண்ணோடு சுரண்டி எடுத்துவிடுங்கள்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. 500-க்குள் இருந்தால் எந்தப் பூவும் வரும். 1000-ஐத் தாண்டினால் மேஜை ரோஜா, நித்யகல்யாணி, யூபோர்பியாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1500-க்கு மேல் என்றால் குடிநீர்க் குழாய்த் தண்ணீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ பாதிக்குப் பாதி கலக்காமல் ஊற்ற வேண்டாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, பிடித்து ஊற்றலாம். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீர் நேர் எதிர். போர் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். "வீணாகிறதே" என்று அதைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனமில்லை.

இட்லிப்பூவுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்ஃபேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை. கொழுந்து பச்சையாக வரும். பழைய மஞ்சள் இலை முழுதாகத் தேறாது. வெள்ளை மதில் என்றால் தெளிக்கும் முன் ஒரு பிளாஸ்டிக் தாளை மாட்டுங்கள், அன்னபேதிக் கறை லேசில் போகாது.

மேஜை ரோஜா தண்டு தண்டாக நீள்கிறது, பூ இல்லை. பூக்கிற ஒன்றிரண்டும் மதியமே மூடிக்கொள்கிறது.
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

மூடுவது அதன் சுபாவம். காலை பத்து மணிவாக்கில் விரிவதால்தான் பத்து மணிப் பூ என்ற பெயரே. மேகமூட்டமான நாளில் திறக்காமலும் இருக்கும். ஆனால் பூவே இல்லை என்றால் வெயில் ஐந்து மணி நேரத்துக்குக் குறைவு, அல்லது உரம் அதிகம். மாதம் ஒரு பிடி மண்புழு உரம் போதும். கடலைப்புண்ணாக்குக் கரைசலை வாரா வாரம் ஊற்றினால் தண்டு கொழுக்கும், பூ வராது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைப் புதுப்பித்தே ஆக வேண்டும். மண்ணிலிருந்து இரண்டு இன்ச் விட்டு எல்லாத் தண்டையும் நறுக்குங்கள். நறுக்கியதில் மொட்டில்லாத நுனித் தண்டாகப் பார்த்து விரல் நீளத்துக்கு எட்டு எடுங்கள். கீழ் மூன்றில் ஒரு பங்கில் இலைகளை உருவிவிட்டு, வெட்டுவாய் உலர நிழலில் மூன்று, நான்கு மணி நேரம் பரப்பி வையுங்கள். உடனே நட்டால் அழுகல் வரும். பிறகு குச்சியால் துளை போட்டு, இரண்டு விரற்கடை ஆழத்தில் செருகி, மண்ணைப் பக்கவாட்டில் அழுத்திவிடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் வேர் பிடிக்கும். லேசாக இழுத்தால் எதிர்த்து நிற்க வேண்டும். நிறம் கலந்து நடாமல் தொட்டிக்கு ஒரு நிறம் வைத்தால் தெருவிலிருந்து பார்க்க எடுப்பாக இருக்கும்.

தெருவில் ஆடுகள். கிரில்லுக்கு வெளியே எது நீட்டினாலும் மேய்ந்துவிடுகின்றன.
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

மேஜை ரோஜா பருப்புக்கீரையின் உறவு, ஆட்டுக்கு அது விருந்து. செம்பருத்தியும் அப்படியே. நித்யகல்யாணி கசக்கும், யூபோர்பியாவில் முள்ளும் பாலும் உண்டு. இரண்டையும் ஆடு தொடாது. ஆனால் யூபோர்பியாப் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் கடுமையாக இருக்கும். கையுறை போட்டுக் கவாத்து செய்யுங்கள், குழந்தைகள் கைக்கெட்டும் உயரத்தில் வேண்டாம். அரளி வைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. ஆடு மாடு தின்றால் செத்துப்போகும், தெரு ஓரத்துக்கு அது கூடாது. ஆடு பின்னங்காலில் எழும்பி நின்றால் ஐந்தடி எட்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வடக்குப் பார்த்த வேலி, பக்கத்தில் இரண்டு மாடி வீடு. இரண்டு மணி நேர வெயில்தான்.
– வாசகர், ரெட்டியார்பாளையம், புதுச்சேரி

கனகாம்பரம் வையுங்கள், தொட்டிக்கு 2 செடி. வேரில் நூற்புழு முடிச்சு வரும் செடி இது, ஆகவே தோட்டத்து மண்ணை நேராகப் போடாமல் புதுக் கலவையும் வேப்பம்புண்ணாக்கும் கொடுங்கள். டொரினியா, பிகோனியா, காசித்தும்பை வரும். காசித்தும்பை ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் தொங்கிவிடும். மேஜை ரோஜா அங்கே தலைகீழாக நின்றாலும் பூக்காது.

புதுச்சேரி வெள்ளை நகரத் தெருக்களில் மதில் மேல் வழிவது போல் காகிதப்பூவை கிரில் தொட்டியில் வளர்க்க முடியுமா? குண்டு மல்லி?
– பலர்

அந்த மதில்களில் வழியும் காகிதப்பூ நிலத்தில் ஊன்றியது. லூயி அந்துவான் தெ பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் பெயர் தாங்கிய அந்தக் கொடிக்கு ஆறு இன்ச் மண் ஒரு வருஷம்கூடக் காணாது. மதிலடியில் 12 இன்ச்சுக்குக் குறையாத தொட்டியில் வைத்து கிரில்லில் ஏற்றுங்கள். மழை ஓய்ந்ததும் தை மாதத்தில் கவாத்து, பிறகு இலை லேசாகத் துவண்டால் மட்டும் தண்ணீர். புதுத் தளிரில்தான் பூக்கும். நாம் பூ என்று பார்க்கும் நிறமெல்லாம் பூவடி இலை, நடுவில் குழல் போல இருக்கும் சின்ன வெள்ளைதான் பூ. குண்டு மல்லிக்கும் இதே பதில், தரையில் பெரிய தொட்டி.

நித்யகல்யாணி ஐப்பசி வரை நன்றாக இருந்தது. மழை பிடித்த இரண்டு வாரத்தில் அடித்தண்டு கறுத்து, செடி அப்படியே சாய்ந்தது. புயல் வந்தால் தொட்டிகளை என்ன செய்வது?
– வாசகர், புதுநகர், கடலூர்

அது வேரழுகல். தொட்டியின் அடித்தட்டைக் கழற்றாமல் விட்டிருப்பீர்கள், தண்ணீர் தேங்கியிருக்கும். புரட்டாசி கடைசியிலேயே அடித்தட்டுகளை எடுத்து வைத்துவிட வேண்டும். தொட்டிக்கு ஆறு ஓட்டையாவது, சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு, சூடேற்றிய ஸ்க்ரூடிரைவரால் போடுங்கள். அடியில் ஜல்லி பரப்பும் பழக்கம் வேண்டாம். தண்ணீர் ஜல்லிக்கு மேல் உள்ள மண்ணிலேயே தங்கும், எடையும் கூடும். ஓட்டைமேல் ஒரு பிடி தேங்காய் நார் போதும்.

சாய்ந்த செடியை மண்ணோடு எடுத்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். பக்கத்துச் செடிகளுக்கு லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து வேரில் ஊற்றலாம். அந்தத் தொட்டியில் மறுபடி நித்யகல்யாணி வேண்டாம், மண்ணை மாற்றித் துலுக்க சாமந்தி வையுங்கள்.

புயலுக்கு ஒரே வழிதான், இறக்கி வைப்பது. 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய தானேயும், 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சலும் மழைக்காலத்தின் பின்பகுதியில்தான் வந்தன. ஆகவே தீபாவளி தாண்டிவிட்டது என்று அசந்துவிட வேண்டாம். எச்சரிக்கை வந்த அன்றே, மழை தொடங்கும் முன், தொட்டிகளைக் கழற்றுங்கள். நனைந்தால் எடை கூடிவிடும். காற்று திசை மாறிச் சுழன்று வருவதால் மதிலோரம் நம்பிக்கையில்லை. வீட்டின் காற்று மறைவான மூலையில் தரையில், ஒன்றையொன்று ஒட்டி, செங்கல் மேல் வையுங்கள். கிழக்கு மதிலில் இருந்தவற்றுக்குப் புயல் போனதும் இலையில் படிந்த உப்பை அலசிவிட வேண்டும். மறுபடி மாட்டும் முன் ஒவ்வொரு கொக்கியின் வளைவையும் துணியால் துடைத்துப் பாருங்கள். வளைவின் உள்பக்கத்தில் துருப்பொடி துணியில் ஒட்டினால் அந்தக் கொக்கியை மாற்றிவிடுங்கள்.